பட்டியல் போட்டால் முடிந்ததா?

கேள்வி: போர் நடக்கும்போது நடுநிலை நாட்டோடு வாணிப ஒப்பந்தமும் கப்பல் ஒப்பந்தமும் போட அதிகாரிகள் மாதக்கணக்கில் இழுத்தடிப்பது ஏன்? இன்ன சரக்கு, இவ்வளவு அளவு என்று ஒரு பட்டியல் போட்டால் முடிந்துவிடாதா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: அந்தப் பட்டியலில் பாய்மரக் கட்டை எந்தப் பக்கம் வரும் என்ற தகராறில் நாகப்பட்டினமே கைமாறியிருக்கிறது, ஐயா. பட்டியலை அவ்வளவு லேசாகச் சொல்லாதீர்கள்.

1674-ல் இங்கிலாந்தும் ஹாலந்தும் செய்துகொண்ட கடல் வாணிப ஒப்பந்தத்தில் சரக்குகள் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தன. போர்க்காலத்தில் எதிரிக்குக் கொண்டுபோகக் கூடாதவை ஒரு பக்கம்: துப்பாக்கி, வெடிமருந்து வகையறா. தடையில்லாமல் கொண்டுபோகலாம் என்பவை மறுபக்கம். பாய்மரம், பலகை, கயிறு, நங்கூரம் எல்லாம் இந்த இரண்டாவது பக்கத்தில் இருந்தன. 1778-ல் பிரிட்டனும் பிரான்சும் மோதிக்கொண்டபோது ஹாலந்து நடுநிலை நாடு. பிரெஞ்சுப் போர்க்கப்பல் கட்ட வேண்டிய மரமும் சணலும் டச்சுக் கப்பல்களில் போயின. ஒப்பந்தத்தின்படி அதில் தவறே இல்லை. ஆனால் தன் கையெழுத்துள்ள தாளே தன் எதிரியின் கடற்படையைக் கட்டுகிறது என்றால் எந்த அரசு பொறுக்கும்? 1780 ஏப்ரலில் பிரிட்டன் அந்தச் சலுகைகளை நிறுத்தியது. நடுநிலைக் கப்பல்களை ஆயுத பலத்தால் காப்பதற்காக ரஷ்யா கூட்டிய ஆயுதம் தாங்கிய நடுநிலைக் கூட்டணியில் ஹாலந்து சேரப்போகிறது என்றதும் டிசம்பர் 20 அன்று போரே அறிவித்துவிட்டது. அமெரிக்கக் கிளர்ச்சியாளர்களோடு டச்சுக்காரர்கள் வைத்திருந்த தொடர்பும் ஒரு காரணம்தான். 1781 நவம்பரில் பிரிட்டிஷ் தளபதி ஹெக்டர் மன்றோவின் படையும் எட்வர்ட் ஹியூஸின் கப்பல்களும் சேர்ந்து, டச்சுக்காரர்கள் கையில் இருந்த நாகையைப் பிடித்தன. 1784 சமாதானத்தில் திருகோணமலை டச்சுக்காரர்களுக்குத் திரும்பிக் கிடைத்தது. நாகை கிடைக்கவில்லை.

இப்போது அதே கடற்கரையில் வடக்கே வாருங்கள். பிரெஞ்சுக்காரர்களின் காரைக்காலைத் தாண்டினால் டேனிஷ்காரர்களின் தரங்கம்பாடி. தரங்கம்பாடி என்றாலே கோட்டை, சீகன்பால்கு, அச்சுக்கூடம் என்று மூன்றையே திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். பாடப்புத்தகமும் அப்படி, சுற்றுலாத் துண்டறிக்கையும் அப்படி. சீகன்பால்கின் பெருமையை நான் ஒரு துளியும் குறைக்கவில்லை. ஆனால் அந்த ஊர் ஒரு நடுநிலைத் துறைமுகமாகப் பிழைத்த கதையை யாரும் சொல்வதில்லை என்பது என் தீராத மனக்குறை.

டென்மார்க்கும் ரஷ்யக் கூட்டணியில் சேர்ந்த நாடுதான். 1780 ஜூலை 9-ல் கையெழுத்துப் போட்டது. ஆனால் அதற்கு ஐந்து நாள் முன்பு, ஜூலை 4-ல், வெளியுறவு அமைச்சர் பெர்ன்ஸ்டார்ஃப் பிரிட்டனோடு தனியாக ஒரு விளக்கக் கூறு, அதாவது பழைய ஒப்பந்தத்தின் பொருளை விளக்கும் ஒரு பிரிவு, எழுதி முடித்திருந்தார். கப்பல் கட்டும் மரம், தார், சணல், பாய்த்துணி, கயிறு ஆகியவை தடைச் சரக்கு என்று ஒப்புக்கொண்டார். பதிலுக்கு மீன், இறைச்சி, கோதுமை, மாவு ஆகியவை தடைச் சரக்கு அல்ல என்று எழுதி வாங்கினார். மரத்திலும் ஒரு விலக்கு: தேவதாருப் பலகை போகலாம். உலோகத்திலும் ஒரு விலக்கு: பண்டமாக வடிக்காத இரும்பு போகலாம். எந்த வடிவில் இருந்தால் தடை, எந்த வடிவில் இருந்தால் இல்லை என்பதுவரை இறங்கி எழுதினார். ரஷ்யாவுக்குக் கடும் கோபம். நவம்பரில் பெர்ன்ஸ்டார்ஃபின் பதவி போனது. அவர் எழுதிய கூறு நின்றது. அந்தப் போர் முடியும்வரை டேனிஷ் கொடி கடலில் ஓடியது, தரங்கம்பாடியும் செழித்தது.

பிறகு அதைக் கெடுத்தது பினாமி. 1793-க்குப் பிந்தைய போர்க்காலத்தில் படேவியாவிலிருந்தும் (இன்றைய ஜகார்த்தா) மொரீஷியசிலிருந்தும் டச்சு, பிரெஞ்சுக்காரர்களின் சரக்கு தரங்கம்பாடிக் காகிதங்களோடு ஐரோப்பாவுக்குப் போனது. கொடி டேனிஷ், முதலீடு வேறொருவருடையது. காகிதத்தில் உரிமையாளர் ஒருவர், லாபம் போய்ச் சேரும் இடம் இன்னொன்று என்றால் பிரிட்டிஷ் கடற்படை விடுமா? ஐரோப்பாவில் சண்டை முற்றியதும் 1801-ல் தரங்கம்பாடியைப் பிடித்து அடுத்த ஆண்டு திருப்பிக் கொடுத்தார்கள். 1808-ல் மறுபடி பிடித்தார்கள். 1815-ல் திரும்பக் கிடைத்தபோது வாணிபம் செத்திருந்தது. 1845-ல் விலைக்கே விற்றுவிட்டார்கள்.

ஆக, சரக்கின் பெயர், அதன் வடிவம், உண்மையான உரிமையாளர் என்ற மூன்றையும் கட்டாமல் பட்டியல் முடியாது. முதல் உலகப் போரில் இதற்கு நான்காவதாக அளவும் சேர்ந்தது. நடுநிலை நாடு போருக்கு முந்தைய ஆண்டுகளில் சராசரியாக எவ்வளவு இறக்குமதி செய்தது என்று கணக்கெடுப்பார்கள். அதில் வெளிநாட்டுக்கு மறுபடி அனுப்பியதைக் கழித்தால் வருவதுதான் அந்த நாட்டுக்கு உரிய பங்கு. சரக்கு எதிரிக்குப் போகாது என்று பிணை கொடுக்க ஓர் அமைப்பு வேண்டும். ஹாலந்தில் 1914 நவம்பரிலும் சுவிட்சர்லாந்தில் 1915-லும் வணிகர்களைக் கொண்டே அப்படிப்பட்ட அமைப்புகள் அமைந்தன. இறக்குமதிச் சரக்கு அந்த அமைப்பின் பெயருக்குத்தான் வரும்.

இதிலும் ஓட்டை உண்டு. டென்மார்க்குக்குத் தீவனம் போகும். தீவனம் ஜெர்மனிக்குப் போகாது என்று பிணை இருக்கும். அந்தத் தீவனத்தைத் தின்று கொழுத்த பன்றியின் இறைச்சிக்கு யார் பிணை? பட்டியலில் தீவனத்தை எழுதும்போதே வெண்ணெயையும் இறைச்சியையும் எந்த விகிதத்தில் யாருக்கு விற்கலாம் என்று எழுத வேண்டும். நார்வேயோடு 1916 ஆகஸ்டில் போட்ட மீன் ஒப்பந்தத்தில் பிரிட்டன் இதைச் செய்தது. மீனைத் தானே வாங்கிக்கொண்டு 15 சதவீதத்தை ஜெர்மனிக்கு விட்டது. அதே மாதம் செம்பு ஒப்பந்தத்தில் கோட்டை விட்டது. செம்பு கலந்த பைரைட் கனிமமும் ஜெர்மனிக்கு விற்கக் கூடாது என்ற தடையில் அடங்கும் என்றது பிரிட்டன். செம்பு மிகக் குறைவாக உள்ள பைரைட்டுக்குத் தடை இல்லை என்றது நார்வே. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17-ஆ 18-ஆ என்று நெல்லை வைத்துக்கொண்டு நிற்கும் விவசாயிக்கு இந்தச் சண்டையை விளக்க வேண்டியதில்லை. டிசம்பரில், குளிர்காலத்தின் நடுவில், பிரிட்டன் நார்வேக்கு நிலக்கரியை நிறுத்தியது. பிப்ரவரியில்தான் விட்டது.

கப்பல் பகுதி இன்னும் சிக்கல். முதலில் 'டன்' எது என்று எழுத வேண்டும். கிராஸ் டன் என்பது கப்பலின் கொள்ளளவு. 100 கன அடி ஒரு டன். டெட்வெயிட் டன் என்பது அது சுமக்கும் எடை. சாதாரணச் சரக்குக் கப்பலில் இரண்டாவது எண் முதலாவதைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. எந்த டன் என்று சொல்லாமல் எண்ணை மட்டும் எழுதினால் மூன்றில் ஒரு பங்கு கப்பல் காணாமல் போகும். 1918 மே மாதம் ஸ்வீடன் நேச நாடுகளுக்குத் தர ஒப்புக்கொண்ட 4,00,000 டன் டெட்வெயிட் கணக்கு. அடுத்து, கப்பல் எந்தக் கடலில் ஓடலாம், குண்டு விழும் பகுதிக்கு அனுப்பலாமா, மாத வாடகை எவ்வளவு, போர் அபாயக் காப்பீட்டுப் பிரீமியம் யார் தலையில், மூழ்கினால் பணமா மாற்றுக் கப்பலா, மாலுமிக்கு என்ன கிடைக்கும் என்று ஒவ்வொன்றும் தனி வரி. எரிபொருள் நிரப்புவதற்கு ஒரு வரி. நிலக்கரித் துறைகள் பெரும்பாலும் பிரிட்டன் கையில் இருந்ததால், சொன்ன பேச்சைக் கேட்காத நடுநிலைக் கப்பலுக்குக் கரியே கிடைக்காது.

இழுத்தடித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹாலந்தே சாட்சி. அமெரிக்கா கப்பலைக் கேட்டது. கொடுத்தால் பார்த்துக்கொள்கிறேன் என்று பக்கத்து வீட்டு ஜெர்மனி மிரட்டியது. இரண்டு பக்கத்துக்கும் பதில் சொல்ல முடியாமல் ஹாலந்து நாளைக் கடத்தியது. 1918 மார்ச் 20-ல் அமெரிக்க அதிபர் வில்சனின் அரசு தன் துறைமுகங்களில் நின்ற 87 டச்சுக் கப்பல்களை எடுத்துக்கொண்டது. நார்வேக்காக வாஷிங்டனில் பேசிக்கொண்டிருந்தவர், துருவப் பயணி நான்சென், 1917 ஜூலையில் போனவர், 1918 ஏப்ரல் 30-ல்தான் கையெழுத்திட்டார். ஒன்பது மாதம் ஆனது, ஆனால் எழுத்தில் வாங்கினார். அதிகாரிகளின் தாமதத்தைத் திட்டுவதற்கு முன் எந்தத் தாமதம் என்று பாருங்கள். வரிக்கு வரி எழுதுவதற்கு ஆகும் மாதங்கள் வேறு, யாருக்கும் பதில் சொல்லாமல் கழியும் மாதங்கள் வேறு.

வேகத்துக்கும் ஒரு வழி உண்டு: கப்பலையும் சரக்கையும் பிரித்துப் பேசுவது. 1939 நவம்பர் 11-ல் நார்வேயின் கப்பல் உரிமையாளர் சங்கம் 150 எண்ணெய்க் கப்பல்களைப் பிரிட்டனுக்கு வாடகைக்கு விட ஒப்புக்கொண்டுவிட்டது. அரசுகளுக்கிடையிலான வாணிப ஒப்பந்தம் 1940 மார்ச் 11-ல்தான் முடிந்தது. ஜெர்மனி உள்ளே வந்தது ஏப்ரல் 9-ல். இரண்டும் சேர்ந்தே முடியட்டும் என்று உட்கார்ந்திருந்தால் பிரிட்டன் அந்தக் குளிர்காலத்தை அந்த நார்வே எண்ணெய்க் கப்பல்கள் இல்லாமல் கழித்திருக்கும்.

நாகைக்கு எதிர்க்கரையில் இருக்கும் இலங்கையையும் சொல்ல வேண்டும். கொரியப் போர் நடக்கும்போதே, 1952 டிசம்பரில், சீனாவோடு ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டது: ஆண்டுக்கு 2,70,000 டன் அரிசி வரும், 50,000 டன் ரப்பர் போகும். அளவு ஐந்தாண்டுக்கு நிலையானது, விலை மட்டும் ஆண்டுதோறும் பேசி முடிப்பது. சந்தையைவிட நல்ல விலை ரப்பருக்குக் கிடைத்தது. அதற்குக் கொடுத்த விலை, 1956 வரை அமெரிக்க உதவி இல்லை. இதுவும் பேச்சு மேசையிலேயே கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டிய கணக்கு.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒரு வரி, இன்றைக்கு மிக முக்கியமானது: எந்த நாணயத்தில் பணம், மிச்சம் விழும் பணத்தை எங்கே செலவழிப்பது. இந்தியா ரஷ்ய எண்ணெயை வாங்கிக் குவித்தது. ரஷ்யா நம்மிடம் வாங்கியது சொற்பம். 2023 மே மாதம் கோவாவுக்கு வந்த ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவ், இந்திய வங்கிகளில் தங்கள் பணம் கோடிக்கணக்கில் ரூபாயாகக் கிடக்கிறது, அதைப் பயன்படுத்த வழி இல்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். அளவும் விலையும் கப்பலும் சரியாக இருந்தும், மிச்சத்தை எப்படித் தீர்ப்பது என்ற வரிக்கு விடை இல்லாததால் வந்த முடை அது.