பின்பால் எந்திரம் வாங்குமுன்: வாசகர் கேள்விகள், எங்கள் பதில்கள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கும் வாசகர்களிடமிருந்து புதிய பின்பால் எந்திரங்களைப் (பிளிப்பர் என்னும் துடுப்புகளால் எஃகுக் குண்டை அடித்து ஆடும் ஆட்டப் பெட்டிகளைப்) பற்றி வந்த கடிதங்களில் ஆறை இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: ஸ்டெர்ன் நிறுவனம் ஒரே ஆட்டத்தைப் புரோ, பிரீமியம், லிமிடெட் எடிஷன் என்று மூன்று விலையில் விற்கிறது. முதலாவதற்கும் கடைசிக்கும் ஆறாயிரம் டாலர் வித்தியாசம். அந்தப் பணம் எங்கே போகிறது? (வாசகர், சிகாகோ புறநகர்)

2023, 2024-ஆம் ஆண்டுகளில் ஸ்டெர்ன் வெளியிட்ட முக்கிய ஆட்டங்களின் பட்டியல் விலை புரோவுக்கு 6,999 டாலர், பிரீமியத்துக்கு 9,699, லிமிடெட் எடிஷனுக்கு 12,999. இதை இரண்டு படிகளாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இரண்டு படிகளிலும் நீங்கள் வாங்குவது வேறு வேறு சரக்கு.

புரோவிலிருந்து பிரீமியத்துக்குக் கொடுக்கும் 2,700 டாலருக்கு ஆட்டமே கொஞ்சம் மாறும். 2019-இல் வந்த ஜுராசிக் பார்க் எந்திரத்தைப் பாருங்கள். பிரீமியத்தில் டைனோசர் தலையைக் குனிந்து குண்டை வாயில் கவ்வும்; புரோவில் அந்த வித்தை கிடையாது. சில ஆட்டங்களில் பிரீமியத்துக்குக் கூடுதல் ரேம்ப் (குண்டு ஏறும் சரிவுப் பாதை), காந்தம், மேல்தளம் என்று வரும். எனவே ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அந்தக் கூடுதல் பொறி குண்டின் பாதையை மாற்றுகிறதா, சும்மா ஆடிக் காட்டுகிறதா? பாதையை மாற்றினால் காசு கொடுக்கலாம். ஆடிக் காட்டுவது மட்டும்தான் என்றால் இரண்டு மாதத்தில் உங்கள் கண் அதைக் கவனிப்பதை நிறுத்திவிடும்.

பிரீமியத்திலிருந்து லிமிடெட் எடிஷனுக்குப் போகும் 3,300 டாலருக்கு ஆட்டம் மாறாது. பொறிகள் அதேதான். எண் பொறித்த தகடு, வேறு ஓவியம், கண்ணாடிப் பளபளப்புள்ள பின்பலகை, பெட்டிக்கு அலங்கார உலோக விளிம்பு, ஒளி பிரதிபலிக்காத மேல்கண்ணாடி, அதிர்வு மோட்டார் ஆகியவை கூடும். இவற்றில் கண்ணாடியும் அதிர்வு மோட்டாரும் ஆடும்போது உண்மையாகவே உணரக்கூடியவை. அவற்றைப் பிறகு தனியாக வாங்கிப் புரோவிலும் பொருத்தலாம், சில நூறு டாலரோடு முடிந்துவிடும். "எண் போட்ட எந்திரம், விலை ஏறும்" என்று விற்பவர் சொன்னால் அதை நம்பி வாங்காதீர்கள். ஏறியவையும் உண்டு, விழுந்தவையும் உண்டு.

எங்கள் கருத்து: முதல் எந்திரம் வாங்குபவருக்குப் புரோ போதும். பொறி குறைவு என்றால் பழுதும் குறைவு. காசு போட்டு ஆடும் கடைகளில் பெரும்பாலும் புரோ நிற்பதற்கு விலையோடு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: புது எந்திரம், வாங்கி மூன்று வாரம். முதல் அரை மணி நேரம் நன்றாக ஆடுகிறது. பிறகு வலது பிளிப்பர் சோர்ந்துபோய் குண்டு ரேம்பின் பாதியிலேயே திரும்பி வருகிறது. எந்திரமே பழுதா? (வாசகி, நியூ ஜெர்சி)

பெரும்பாலும் இல்லை. காரணம் வெப்பம். பிளிப்பரை இழுப்பது காயில் (coil) எனப்படும் செப்புக் கம்பிச் சுருள். செப்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் கூடும். காயில் 40 டிகிரி சூடேறினால் தடை சுமார் 16 சதவீதம் ஏறும். அதே 48 வோல்ட்டில் பாயும் மின்னோட்டம் ஏழில் ஒரு பங்கு குறையும். மயிரிழையில் ரேம்ப் ஏறிக்கொண்டிருந்த குண்டு ஏறாமல் போக அது போதும்.

ஆனால் வெப்பம் மட்டும் காரணமென்றால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சேர்ந்தே சோர வேண்டும். வலது மட்டும் சோர்கிறது என்கிறீர்கள். அப்படியானால் வெப்பத்தோடு உராய்வும் சேர்ந்திருக்கிறது. இந்த வரிசையில் பாருங்கள்.

மின்சாரத்தை அணைத்து, பிளக்கையும் உருவி, கண்ணாடியைக் கழற்றுங்கள். குண்டுகளை எல்லாம் வெளியே எடுத்த பிறகே ஆட்டப் பலகையைத் தூக்க வேண்டும். மறந்தால் அவை உள்ளே உருண்டு கீழேயுள்ள மின்சுற்றுப் பலகைகளில் விழும். பிளிப்பரை விரலால் மேலும் கீழும் அசைத்தால் தண்டு மயிரிழை அளவு ஆட வேண்டும், ஒரு கடன் அட்டையின் தடிமன், அதாவது முக்கால் மில்லிமீட்டர். ஆட்டமே இல்லையென்றால் பிளிப்பர், ஆட்டப் பலகையிலுள்ள புஷ்ஷை (தண்டு நுழையும் வளையத்தை) அழுத்தி உரசுகிறது. தண்டைப் பிடித்திருக்கும் கவ்வியின் நட்டைத் தளர்த்தி, அந்த அட்டையை இடையில் செருகி, மீண்டும் இறுக்குங்கள். இறுக்குமுன் பிளிப்பரின் கோணம் இடது பக்கத்தோடு ஒத்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து காயில் நிறுத்தியை (காயிலுக்குள் இழுபடும் பிளஞ்சர் என்னும் உலோகத் தண்டு வந்து மோதி நிற்கும் துண்டை) தாங்கும் திருகுகள். லாரியில் வந்த எந்திரத்தில் இவை தளர்ந்திருப்பது சாதாரணம். நிறுத்தி ஆடினால் இழுப்பின் ஒரு பகுதி அந்த ஆட்டத்திலேயே வீணாகும், காயிலும் கூடுதலாகச் சூடாகும். பிளஞ்சரைக் கையால் இழுத்து விடுங்கள். உரசல் தெரிந்தால் காயிலுக்குள் இருக்கும் நைலான் குழாயை மாற்றுங்கள், சில டாலர்தான். அதற்கு ஒருபோதும் எண்ணெய் போடாதீர்கள். எண்ணெய் தூசியோடு சேர்ந்து பசையாகி ஒரு மாதத்தில் நிலைமை இன்னும் மோசமாகும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் சோர்வு தீரவில்லை என்றால், ஸ்பைக் 2 என்ற ஸ்டெர்னின் மின்னணு அமைப்புள்ள எந்திரங்களில் திரையிலுள்ள அமைப்புப் பட்டியலுக்குள் போய் பிளிப்பர் விசையை ஒரு படி ஏற்றலாம். அதைக் கடைசியில் செய்யுங்கள். உராய்வை வைத்துக்கொண்டு விசையை ஏற்றினால் காயில் இன்னும் விரைவாகச் சூடாகும்.

சரிவையும் அளந்துவிடுங்கள். பரிந்துரைக்கப்படும் சரிவு 6.5 டிகிரி. யாராவது பின்கால்களை ஏற்றி 7.5 ஆக்கியிருந்தால் நல்ல பிளிப்பர்கூடத் திணறும். மட்டக் கருவியை ஆட்டப் பலகையின் மீதே வைத்து அளக்க வேண்டும், பெட்டியின் விளிம்பில் வைத்து அல்ல. பலகை பெட்டிக்குள் சரியாக நேர்கோட்டில் உட்காராமல் இருப்பது உண்டு.

கேள்வி: ஒரு வாரத்திலேயே ஆட்டப் பலகை முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள். ஒன்பதாயிரம் டாலர் கொடுத்த எந்திரம். மனசு கேட்கவில்லை. (வாசகர், டொராண்டோ)

அந்த வருத்தம் புரிகிறது, ஆனால் குழிகள் இயல்பானவை. 27 மில்லிமீட்டர் விட்டமும் 80 கிராம் எடையும் உள்ள எஃகுக் குண்டு ரேம்பிலிருந்து மேப்பிள் மரப் பலகைமேல் விழுகிறது. மரம் கொஞ்சம் அமுங்கத்தான் செய்யும். சில நூறு ஆட்டங்களுக்குப் பிறகு குழிகள் ஒன்றோடொன்று கலந்து பரப்பு சமமாகத் தெரியத் தொடங்கும்.

கவலைப்பட வேண்டியது வேறு. உலோகத் தூண்கள் பலகையில் இறங்கும் இடத்தில் மேல்பூச்சு அலைபோலச் சுருண்டு எழுந்திருக்கிறதா, செதில் செதிலாகப் பெயர்கிறதா, ஓவியமும் சேர்ந்து உரிகிறதா என்று பாருங்கள். தடித்த மேல்பூச்சு முழுதாக இறுகுமுன் தூண்களை முறுக்கினால் இப்படி ஆகும். கண்டால் உடனே, ஆடுவதை நிறுத்தி, நெருக்கத்தில் படம் எடுத்து விற்பனையாளருக்கு அனுப்புங்கள். "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்று காத்திருந்தால் பிறகு ஆடியதால் வந்த தேய்மானம் என்று சொல்ல இடம் கொடுத்ததாகும். பெட்டியைத் திறந்த அன்றே, முதல் குண்டு உருளுமுன், எல்லாத் தூண்களையும் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

பலகையைக் காப்பது பெரிதும் குண்டின் கையில் இருக்கிறது. கீறல் விழுந்த குண்டு உப்புத்தாளைப்போல வேலை செய்யும். மாதம் ஒருமுறை விளக்கடியில் உருட்டிப் பாருங்கள், மங்கலாகத் தெரிந்தால் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுங்கள். பலகைக்கு கார்னூபா மெழுகு மட்டும் போதும்.

கேள்வி: ஏன் எப்போதும் பழைய திரைப்படங்களும் ராக் இசைக்குழுக்களும்தான் கருப்பொருளாக வருகின்றன? சொந்தக் கற்பனையில் யாரும் எந்திரம் செய்வதில்லையா? (வாசகர், டெட்ராய்ட்)

வாங்குபவர் மாறியதுதான் காரணம். முன்பு எந்திரத்தை வாங்கியவர் கடைக்காரர்; அதில் காசு போட்டவர் வழிப்போக்கர். இப்போது நடுவயதைத் தாண்டிய வீட்டுக்காரர் நிறைய வாங்குகிறார். அவருடைய பதினைந்து வயதில் எந்தப் படம் ஓடியதோ, எந்தப் பாட்டு ஒலித்ததோ, அதற்குத்தான் அவர் ஏழாயிரம் டாலர் எடுத்து வைப்பார். உரிமம் வாங்கிய பெயர் விற்கும் என்பதற்குப் பழைய சான்றும் உண்டு: 1992-இல் வந்த ஆடம்ஸ் ஃபேமிலி திரைப்பட எந்திரம் 20,270 விற்றது.

ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. வில்லியம்ஸ் நிறுவனம் 1997-இல் செய்த மெடீவல் மேட்னெஸ் எந்த உரிமமும் இல்லாத சொந்தக் கதை: கோட்டை, ராஜா, பூதம். நாலாயிரம் அளவில்தான் செய்தார்கள். 1999-இல் வில்லியம்ஸ் பின்பாலையே கைவிட்டது. ஆனாலும் அந்த ஆட்டத்துக்கான தேவை குறையாமல், 2015-இல் சிகாகோ கேமிங் நிறுவனம் அதை மறுபடி செய்து விற்கத் தொடங்கியது. கோட்டைக் கதவைக் குண்டால் தட்டித் தகர்ப்பதில் இருக்கும் இன்பத்துக்கு எந்த நடிகரின் முகமும் தேவைப்படவில்லை. ஸ்டெர்னும் 2019-இல் பிளாக் நைட் வரிசையில் திரைப்படமோ இசைக்குழுவோ சாராத கருப்பொருளில் ஓர் ஆட்டம் செய்தது. இன்னும் அதிகம் வர வேண்டும் என்றே நாங்கள் விரும்புகிறோம்.

உரிமம் என்றால் படம் முழுக்க எந்திரத்துக்குள் வந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். படத்தின் பெயர், நடிகரின் முகம், குரல், இசை என்று ஒவ்வொன்றுக்கும் தனி அனுமதி. முகம் கிடைக்காத இடத்தில் ஓவியம் வரும், குரல் கிடைக்காத இடத்தில் வேறொருவர் பேசுவார். வாங்குமுன் அரை மணி நேரமாவது ஒலியோடு ஆடிப் பாருங்கள். இசைக்குழு எந்திரத்தில் சுமார் ஒரு டஜன் பாட்டுகள் திரும்பத் திரும்ப ஒலிக்கும், அதை உங்களோடு வீட்டிலுள்ளவர்களும் கேட்க வேண்டும்.

கேள்வி: புதிய நிறுவனம் ஒன்று அருமையான படங்கள் காட்டி முழுப் பணத்தையும் முன்பதிவாகக் கேட்கிறது. கொடுக்கலாமா? (வாசகர், டாலஸ்)

கொடுக்காதீர்கள். பிரிட்டனின் ஹைவே பின்பால் 2018-இல் மூடப்பட்டபோது முன்பணம் கட்டியவர்கள் எந்திரம் இல்லாமல் நின்றார்கள். உங்கள் டெக்சாஸிலேயே டீப்ரூட் என்ற பெயரில் பின்பால் தொடங்கப்பட்டது. அதற்குப் பின்னிருந்த முதலீட்டு நிதிகளை நடத்தியவர்மீது அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2021-இல் வழக்குத் தொடுத்தது. புதிய நிறுவனங்கள் எல்லாமே அப்படி அல்ல. நல்ல எந்திரம் செய்து அனுப்பிக்கொண்டிருப்பவர்களும் இருக்கிறார்கள். ஆகவே படத்தைப் பார்க்காமல் அனுப்பியதைப் பாருங்கள்: பொதுமக்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் எந்திரம் எத்தனை, அவற்றுக்கு உதிரிப் பலகை கேட்டால் எத்தனை நாளில் வருகிறது. திருப்பித் தரும் நிபந்தனை எழுத்தில் இருந்தால் சிறு முன்பணம் கட்டலாம், அதுவும் கடன் அட்டையில். மீதியை எந்திரம் பெட்டிக்குள் தயாரான பிறகு கொடுங்கள்.

கேள்வி: அடுக்குமாடியில் மூன்றாம் தளம். கதவு 30 அங்குலம். உள்ளே போகுமா? (வாசகி, மிசிசாகா)

போகும். கால்களைக் கழற்றி, பின்தலையை (பின்னால் நிமிர்ந்து நிற்கும் பெட்டியை) ஆட்டப் பலகைமேல் மடக்கிக் கட்டினால் அகலம் 28 அங்குலத்துக்குள் அடங்கும். எடை 250 பவுண்டு அளவில் இருப்பதால் மின்தூக்கியும் தள்ளுவண்டியும் வேண்டும், இரண்டு பேர் வேண்டும். மடக்கும்போது தலைக்கும் பக்க விளிம்புக்கும் இடையில் போர்வை வையுங்கள், கம்பிக்கட்டு நசுங்குகிறதா என்று பாருங்கள். கீழ்வீட்டுக்காரருக்காகக் கால்களுக்கடியில் தடித்த ரப்பர் கிண்ணம் வைத்து, அதிர்வு மோட்டார் இருந்தால் பட்டியலில் அதை அணைத்துவிடுங்கள்.