பிரித்தானிய ஃபோக் ஹாரர் படங்கள் ஐம்பது ஆண்டுகள் கடந்தும் பார்வையாளர்களை விடாமல் பிடித்திருப்பது ஏன்?

பேயோ பிசாசோ பெரிதாகக் கண்ணில் படாத, பெரும்பாலும் பட்டப்பகலில் வயல்வெளிகளில் நடக்கும், நாட்டார் நம்பிக்கைகளையும் சடங்குகளையும் சுற்றி அமைந்த இந்தப் பழைய ஃபோக் ஹாரர் படங்கள் இன்றைய பார்வையாளரை எப்படிப் பயமுறுத்துகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். இவற்றைப் பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பப் பார்த்துவரும் எனக்குத் தோன்றும் காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊர் முழுவதும் மனமொத்து, முகத்தில் குற்றவுணர்வின் சாயலே இல்லாமல், ஒரு கொலைக்குச் சம்மதிக்கிறது. பயம் அங்கேதான் பிறக்கிறது. பேயை விரட்டச் சிலுவையோ மந்திரமோ உதவக்கூடும். ஊரே சம்மதித்துவிட்டால் முறையிடுவதற்கு ஆள் இல்லை.

இந்த வகையின் அடித்தளமாக மூன்று படங்களைச் சொல்வது வழக்கம்: மைக்கேல் ரீவ்ஸ் இயக்கிய 'விட்ச்ஃபைண்டர் ஜெனரல்' (1968), பியர்ஸ் ஹேகார்ட் இயக்கிய 'தி பிளட் ஆன் சேட்டன்ஸ் கிளா' (1971), ராபின் ஹார்டி இயக்கிய 'தி விக்கர் மேன்' (1973). அன்றைய பிரித்தானியத் திகில் படம் என்றால் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வந்தவை ஹேமர் நிறுவனத்தின் இருண்ட கோட்டைகளும் டிராகுலாவும்தான். டைகன் என்ற சிறிய நிறுவனம் முதலிரண்டு படங்களுக்காகக் கேமராவை சஃபோக் பகுதி ஊர்களுக்கும் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர் பள்ளத்தாக்கு ஒன்றுக்கும் கொண்டுசென்றது. மண்ணும் புல்லும் வெயிலும் கதைக்குள் வந்ததும், பார்வையாளர் வசதியாக நம்பிக்கொண்டிருந்த 'இது எங்கோ தொலைவில் நடப்பது' என்ற பாதுகாப்பு போய்விட்டது.

'விட்ச்ஃபைண்டர் ஜெனரல்' படத்தில் அமானுஷ்யம் என்று ஒன்றுமே கிடையாது. 1645-இல், உள்நாட்டுப் போரில் நாடு சீர்குலைந்திருந்த வேளையில், கிழக்கு இங்கிலாந்தின் ஊர்களில் சூனியக்காரிகளைக் கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கிய மேத்யூ ஹாப்கின்ஸ் வரலாற்றில் வாழ்ந்தவர்; ஸ்டோமார்க்கெட் ஊர் அவருக்காக 23 பவுண்டு செலவிட்டதாகக் குறிப்பு உண்டு. படத்தில் அவராக வின்சென்ட் பிரைஸ் நடித்தார். லேவனம் ஊரின் சந்தைத் திடலில் ஒரு பெண்ணை ஏணியில் கட்டி நெருப்புக்குள் இறக்கும் காட்சி வரலாற்றுக்குப் பொருந்தாது. இங்கிலாந்தில் சூனியக் குற்றத்துக்குத் தூக்குத்தான் தண்டனை. ஆனால் அந்தக் காட்சிக்குப் பிறகு வரும் ஒரு சிறு துண்டை வரலாற்றுப் பிழை எதுவும் குறைத்துவிட முடியாது. தீ அடங்கிய அந்தச் சாம்பலில் ஊர்க் குழந்தைகள் உருளைக்கிழங்கு சுட்டுத் தின்கிறார்கள். கேமரா அதைச் சுட்டிக்காட்டி அதிர்வதில்லை. அன்றைக்கு அங்கே நெருப்பு இருந்தது, குழந்தைகளுக்குப் பசித்தது, அவ்வளவுதான். ஹாப்கின்ஸைவிட அந்தக் குழந்தைகள்தான் எனக்கு அதிகம் நினைவில் நிற்கிறார்கள். படம் வெளியானபோது ரீவ்ஸுக்கு வயது 24. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அவர் இறந்துபோனார்.

'தி விக்கர் மேன்' இந்த எண்ணத்தை எல்லைவரை கொண்டுசெல்கிறது. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள சம்மரைல் என்ற கற்பனைத் தீவில் ரோவன் மாரிசன் என்னும் சிறுமி காணாமற்போனதாக வந்த கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, தீவிரக் கிறிஸ்தவரான காவல்துறை சார்ஜென்ட் நீல் ஹோவி தனியாக அங்கே வந்து இறங்குகிறார். அப்படி ஒரு சிறுமியே இல்லை என்று ஊரார் சிரித்த முகத்தோடு சொல்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு மேசை மட்டும் காலியாக இருப்பதைப் பார்த்து ஹோவி அதைத் திறக்கிறார். உள்ளே ஓர் ஆணி. அதில் நூலால் கட்டப்பட்ட ஒரு வண்டு. பக்கத்து மேசைச் சிறுமி விளக்குகிறாள்: வண்டு எப்போதும் ஒரே திசையில் சுற்றும், நூல் ஆணியில் சுற்றிச் சுற்றிக் குறைந்துகொண்டே வரும், கடைசியில் ஆணியோடு ஒட்டிக்கொள்ளும், பாவம். அவள் உண்மையாகவே இரக்கப்படுகிறாள். ஹோவியின் கதை முழுவதும் அந்த மேசைக்குள் இருக்கிறது. படம் பாதிகூட முடிவதற்குள் அதை நம்மிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்கள், நாமும் ஹோவியைப் போலவே கேட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம்.

இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் விடுதியில் அவருக்குப் பரிமாறப்படும் உணவு கண்ணில் படுகிறது. பழங்களுக்குப் பெயர்பெற்ற தீவில் எல்லாம் தகர டப்பாவிலிருந்து வருகிறது. அவரைப் பருப்பு இயற்கையில் இல்லாத நீலப்பச்சை நிறத்தில் இருக்கிறது. ஆப்பிள் கேட்டால் இல்லை என்கிறார்கள். சுவரில் ஆண்டுதோறும் எடுத்த அறுவடைத் திருவிழாப் புகைப்படங்கள் வரிசையாக மாட்டியிருக்க, சென்ற ஆண்டுப் படத்தின் இடம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. விளைச்சல் பொய்த்துவிட்டது என்பதுதான் அந்த ஊர் மறைக்கும் ரகசியம். மற்றதெல்லாம் அதிலிருந்து வருவது.

இந்தப் படத்தைப் பற்றி எழுதுபவர்கள் பலர் 'பழைய சமயம் திரும்பி வருகிறது' என்று சொல்லி முடித்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. படத்தின் கூர்மையே வேறிடத்தில் இருக்கிறது. கிறிஸ்டோபர் லீ நடித்த சம்மரைல் பிரபு ஹோவியிடம் தம் குடும்ப வரலாற்றை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறார். 1868-இல் தீவை வாங்கிய அவருடைய பாட்டனார் ஒரு வேளாண் அறிவியலாளர். புதுரக ஆப்பிள்களைப் பயிரிட ஆட்கள் தேவைப்பட்டார்கள். சோர்ந்துகிடந்த மக்களைத் தட்டியெழுப்ப அவர்களுடைய பழைய தெய்வங்களை மீட்டுக்கொடுத்தார். அதாவது, அந்தத் தீவின் ஆதி சமயத்துக்கு வயது நூறுதான், அதைத் திட்டமிட்டுக் கொண்டுவந்தவர் நிலவுடைமையாளர். கதாசிரியர் ஆந்தனி ஷாஃபரும் ஹார்டியும் இதற்கான சடங்குகளை ஜேம்ஸ் ஃபிரேசர் 1890 முதல் வெளியிட்ட 'தி கோல்டன் பவ்' நூலிலிருந்து எடுத்தார்கள். மிலாறுகளால் முடைந்த மனித உருவத்துக்குள் ஆட்களை வைத்து எரித்ததாகச் சொல்வது, கால் (Gaul) என்று அன்று அழைக்கப்பட்ட, இன்றைய பிரான்ஸ் பகுதி மக்களைப் பற்றி அவர்களை வென்ற ஜூலியஸ் சீசர் எழுதிய குறிப்பு. தலைமுறை தலைமுறையாக வந்தவை போல ஒலிக்கும் பாடல்களில் பலவற்றைப் படத்துக்கென்றே அமைத்தவர் பால் ஜியோவானி என்ற அமெரிக்கர். வசந்தகாலத்தில் நடக்கும் கதையை இலையுதிர்காலத்தில் எடுத்ததால் மரங்களில் செயற்கைப் பூக்களை ஒட்டினார்கள். இத்தனையும் செய்து உருவாக்கிய ஒன்று, பார்க்கும்போது மண்ணிலிருந்தே முளைத்தது போலத் தெரிகிறது. மரபு என்று நாம் வணங்குவதை யார், எப்போது, யாருடைய ஆதாயத்துக்காக உருவாக்கினார்கள் என்ற கேள்வி எந்த நாட்டிலும் எந்தக் காலத்திலும் பழசாவதில்லை. படம் நீடித்து நிற்பதற்கு முதன்மையான காரணமாக நான் இதைத்தான் கருதுகிறேன்.

கடைசிக் காட்சியில், விளைச்சலுக்காகப் பலியிடப்படப்போகும் ஹோவி அந்தக் கேள்வியைச் சரியாகப் பிடித்துவிடுகிறார். அடுத்த ஆண்டும் விளைச்சல் பொய்த்தால் இவர்கள் உங்களைத்தான் கேட்பார்கள் என்று பிரபுவைப் பார்த்துக் கத்துகிறார். ஒரு கணம் லீயின் முகத்தில் எல்லாம் தெரிகிறது. பிறகு, விளைச்சல் பொய்க்காது என்று உறுதியாகச் சொல்லிவிட்டு நிமிர்கிறார். ஊரார் கைகோத்து அசைந்தாடிப் பழைய ஆங்கிலக் கோடைப் பாட்டைப் பாட, எரியும் மிலாறு உருவத்துக்குள்ளேயிருந்து ஹோவி பைபிளின் சங்கீதப் பாடலைப் பாடுகிறார். இரு பக்கமும் தத்தம் கடவுளை நோக்கி முழு நம்பிக்கையோடு பாடுகின்றன. எந்தப் பக்கத்துக்கும் பதில் வருவதில்லை.

'தி பிளட் ஆன் சேட்டன்ஸ் கிளா' இந்த அளவுக்குக் கட்டுக்கோப்பானது என்று சொல்ல மாட்டேன். மூன்று தனிக் கதைகளாக எழுதத் தொடங்கியதை ஒன்றாக இணைத்தார்கள். தையல் வெளியே தெரிகிறது. வாளோடு நீதிபதி வந்து பேயை வீழ்த்தும் முடிவு, அதுவரை கட்டியெழுப்பிய அச்சத்தைக் கலைத்துவிடுகிறது. பெண்ணுடல் மீதான வன்முறையைக் காட்டும் விதம் இன்றும் மனத்தை உறுத்துகிறது. அன்றைய சந்தைக்காகச் செய்தார்கள் என்பது விளக்கமே தவிர நியாயம் ஆகாது. ஆனாலும் தொடக்கக் காட்சிக்காக இதை எத்தனை முறையும் பார்ப்பேன். உழவன் ஒருவன் ஏர் ஓட்டிக்கொண்டு போகிறான், பறவைகள் கூடுகின்றன, உழவுசாலில் ஏதோ தட்டுப்படுகிறது. குனிந்து பார்த்தால் மண்ணில் ஒரு மண்டையோடு, அதில் அழுகாத ஒரு கண். கேமரா மண்ணின் மட்டத்துக்கே தாழ்ந்து கிடக்கிறது. சோறு போடும் அதே நிலத்திலிருந்து தீமையும் புறப்படுகிறது என்பதை அந்தக் காட்சி ஒரு வசனமும் இல்லாமல் நிறுவிவிடுகிறது.

பிபிசி தொலைக்காட்சியும் இதே காலத்தில் இதே மண்ணைத் தோண்டியது. ஜான் பொவன் எழுதி 1970 டிசம்பரில் ஒளிபரப்பான 'ராபின் ரெட்பிரெஸ்ட்' நாடகத்தில், லண்டனிலிருந்து கிராமத்து வீட்டுக்குக் குடிவரும் பெண்ணைச் சுற்றி அண்டை வீட்டார் காட்டும் அக்கறையே வலையாக மாறுகிறது. வண்ணத்தில் எடுத்த அதற்கு இன்று கறுப்பு வெள்ளைப் பிரதிதான் எஞ்சியிருக்கிறது. 'தி விக்கர் மேன்' பிடித்தவர்கள் இதைத் தவறவிடக் கூடாது.

2010-க்குப் பிறகு இந்த வகை மீண்டும் தழைத்ததற்கு ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகியதைக் காரணமாகச் சிலர் காட்டுகிறார்கள். வெளியாரை ஐயத்தோடு பார்க்கும் ஊர் என்ற கருவுக்கு அது பொருந்துவது போலத் தோன்றலாம். ஆனால் பென் வீட்லியின் 'கில் லிஸ்ட்' 2011-லும் 'எ ஃபீல்ட் இன் இங்லண்ட்' 2013-லும் வந்துவிட்டன. பொதுவாக்கெடுப்பு நடந்ததோ 2016-இல். நிலத்தோடு உள்ள உறவு அறுந்துபோன தலைமுறை, அந்த நிலம் தன்னை நினைவில் வைத்திருக்குமோ என்று அஞ்சுவதாக இதைப் பார்ப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. மார்க் ஜென்கின் 2022-இல் தந்த 'எனிஸ் மென்' படத்தில், கார்ன்வால் கரையோரத் தீவில் தனியாக இருக்கும் ஒரு பெண் நாள்தோறும் சில பூக்களைக் கவனித்துக் குறிப்பேட்டில் எழுதுகிறாள். கல்லும் பாசியும் அவள் உடலுக்குள் நுழைவதைத் தவிரக் கதை என்று அதிகம் இல்லை, ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை.

எங்கே தொடங்குவது என்றும் கேட்டிருந்தீர்கள். 'தி விக்கர் மேன்' படத்தையே முதலில் பாருங்கள், ஆனால் எந்த வடிவம் என்பதில் கவனமாக இருங்கள். 1973-இல் அதை 87 நிமிடங்களாக வெட்டி, இன்னொரு படத்தோடு இணைப்பாக வெளியிட்டார்கள். அந்த வெட்டில் ஹோவி தீவில் கழிக்கும் இரண்டு இரவுகள் ஒன்றாகச் சுருங்கிவிட்டன. ஹார்டியின் ஒப்புதலோடு 2013-இல் வெளிவந்த வடிவத்தில் இரண்டு இரவுகளும் இருக்கின்றன. விடுதிக்காரரின் மகள் சுவருக்கு அப்பால் பாடி அழைக்கும் இரவு, அங்கே பலிக்கு முந்தைய கடைசி இரவாக வருகிறது. ஹோவி வியர்த்து, சுவரில் கையூன்றி, போகாமல் நின்றுவிடுகிறார். பலியாள் கன்னி கழியாதவனாக இருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. அன்று அவர் கதவைத் திறந்திருந்தால் ஊராருக்குப் பயன்பட்டிருக்க மாட்டார்.