மகள் டபுள் பாஸ் படிக்கட்டுமா? ஒஸ்லோத் தாய் ஒருவருக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

பொறியியலை விட்டுவிட்டு ட்ரொண்ட்ஹைம் நகரில் ஜாஸ் இசையும் டபுள் பாஸ் என்ற பெரிய தந்திக் கருவியும் படிக்கப் போவதாக மகள் ஒற்றைக்காலில் நிற்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். 17 வயதில் டபுள் பாஸைத் தொட்டது பிந்திவிட்டதோ என்ற உங்கள் பயம் வேண்டாம். நோர்வேயின் பெயர்பெற்ற பாஸ் கலைஞர் அரில்ட் ஆண்டர்சன் முதலில் லில்லஸ்ட்ரோமில் கிற்றார் வாசித்துக்கொண்டிருந்தவர். 1964இல்தான் டபுள் பாஸுக்கு மாறினார். 1967இல் சாக்ஸபோன் கலைஞர் யான் கார்பரெக்கின் குழுவில் இருந்தார். தொழில்நுட்பப் படிப்பையும் விடாமல் 1968இல் முடித்தார்.

ட்ரொண்ட்ஹைம் ஜாஸ் பிரிவு 1979இல் தொடங்கியது. மட்ஸ் ஐலெர்ட்சன் போன்ற பாஸ் கலைஞர்கள் அங்கே படித்தவர்கள். பள்ளிப் புள்ளிகள் மட்டும் அங்கே போதாது, நேரில் வாசித்துக் காட்ட வேண்டும். பிள்ளைகள் வேகமான தனி வாசிப்பைத் தயார்செய்துகொண்டு போய் அங்கேதான் சறுக்குகிறார்கள். பாஸ் வாசிப்பவரிடம் முதலில் பார்ப்பது தாளம் நிலையாக நிற்கிறதா என்பதைத்தான். மெட்ரோனோமை (தாளத் தட்டுக் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, அந்தத் தட்டுகளை 2ஆம், 4ஆம் அடிகளாக எண்ணி, 120 வேகத்தில் 12 பார் புளூஸை (நான்கு அடி கொண்ட 12 தாளச் சுற்றுகளாலான வடிவம்) பத்து நிமிடம் நிறுத்தாமல் வாசிக்கச் சொல்லுங்கள். அதைப் பதிவுசெய்து கேட்டால், 11ஆம், 12ஆம் பார்களில் வேகம் கூடி ஓடுவது பெரும்பாலும் தெரியும். இடதுகை அடுத்த இடத்துக்குப் பிந்தி நகர்கிறது, அதை ஈடுகட்ட வலதுகை அவசரப்படுகிறது. விரல் அழுத்தாத திறந்த தந்தி ஒலிக்கும்போதே இடதுகையை நகர்த்திப் பழகினால் இது சரியாகும்.

விரல் வலித்தால் பொறுத்துக்கொள் என்று சொல்லாதீர்கள். தந்தியை விரல் பலத்தால் இழுக்காமல் கையின் பாரத்தால் இழுக்க வேண்டும். தந்திகள் பலகையிலிருந்து அதிக உயரத்தில் நின்றாலும் வலிக்கும், கருவி திருத்துபவரிடம் தந்திகளைத் தாங்கும் பாலத்தைத் தாழ்த்தக் கொடுங்கள். குளிர்காலத்தில் ஹீட்டர் காற்று மரத்தை வெடிக்க வைக்கும். அறையின் ஈரப்பதம் 40 வீதத்துக்குக் கீழே போக விடாதீர்கள்.

வருமானம் சீராக வராது, இதை மறைக்க மாட்டேன். பாஸ் வாசிப்பவர்கள் குறைவு என்பதால் ஒருவரே மூன்று நான்கு குழுக்களில் வாசிப்பார். அதோடு கொமூன் (உள்ளூராட்சி) நடத்தும் கலைப்பள்ளியில் பகுதிநேரம் கற்பிப்பது பலருக்கும் கைகொடுக்கிறது. ஆகவே ஆசிரியர் பயிற்சியையும் பின்னர் சேர்த்துக்கொள்வது நல்லது. சொந்தப் பெயரில் தொழில் பதிந்தவர் நோயில் விழுந்தால், அரச நலன்புரி அமைப்பான நாவ் 17ஆம் நாளிலிருந்து வருமானத்தின் 80 வீதமே தரும். முதல் 16 நாட்களுக்குத் தனிக் காப்புறுதி எடுக்கலாம். ஓய்வூதியத்துக்கும் அவளே ஒதுக்க வேண்டும்.

இந்த முறை இடம் கிடைக்காவிட்டால், இன்டெரொயில் உள்ள சுண்ட் நாட்டார் உயர்பள்ளியின் ஜாஸ் பிரிவைப் பாருங்கள். ஒரு வருடம், பரீட்சை இல்லை, புள்ளி இல்லை. உங்கள் கண்ணுக்கு வீண் வருடமாகத் தெரியும். ஆனால் நாள் முழுக்கக் குழுவோடு சேர்ந்து வாசிக்கும் வாய்ப்பு வீட்டில் கிடைக்காது. தங்குமிடச் செலவுக்குக் கல்விக் கடன் நிதியம் உதவும்.

இசைக்கான விண்ணப்பம் முன்கூட்டியே முடிந்துவிடும், பொறியியல் போன்ற படிப்புகளுக்கான பொதுவான அனுமதிக்கோ ஏப்ரல் 15 வரை நேரமுண்டு. இரண்டுக்கும் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள், பொறியியல் கதவு எங்கும் போய்விடாது.