துணிக்கூரை தூக்குகிறதா? பின்சுவரைத் திறங்கள்

கூரைக்கு எடை ஏற்ற வேண்டாம், பின்சுவரைத் திறந்துவிடுங்கள். கீழக்கரை மீன் சந்தைக்கான உங்கள் சிறிய மாதிரிக் கட்டடத்தில் மேசை விசிறியைப் போட்டதும் துணிக்கூரை பிய்த்துக்கொண்டு கிளம்புகிறது என்றீர்களே, மூன்று பக்கமும் அடைத்திருப்பதுதான் காரணமாக இருக்கும்: உள்ளே புகுந்த காற்று போக்கிடம் இல்லாமல் கீழிருந்து தள்ளுகிறது, மேலே ஓடும் காற்று உறிஞ்சுகிறது.

பின்சுவரில் கூரையை ஒட்டி இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டிவிட்டு வாசலில் ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை உள்ளேயே சுழலாமல் நேராக வெளியேறினால் சரி. மீன் வாடையும் அப்படியே போய்விடும்.

ஆனால் ஆடியில் தென்மேற்குக் காற்று, கார்த்திகையில் வடகிழக்கு. ஒரு பக்கம் மட்டும் திறந்தால் பாதி வேலைதான். விசிறி காற்றின் போக்கைக் காட்டும், உண்மையான விசையைக் காட்டாது, அதற்குக் காற்றுச் சுமை பற்றிய இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதிப்படி பொறியாளர் கணக்குப் போடட்டும். அப்புறம் கூரைத் துணியை இழுத்துக் கட்டும் கம்பிப் பிடிப்புகளுக்குச் சாதா இரும்பு வேண்டவே வேண்டாம், உப்புக்காற்று தின்றுவிடும்.