எடுக்க எடுக்க இடும் கொக்கட்டீல்: முட்டையை எறியாதீர்கள்

கேள்வி: ஒன்றரை வயதுப் பெண் கொக்கட்டீல் (கொண்டையுள்ள சிறு கிளி) ஒன்றைத் தனியாக வளர்க்கிறோம். சோடி இல்லை. இரண்டு மாதத்தில் 13 முட்டை இட்டுவிட்டது. குஞ்சு வராதுதானே என்று ஒவ்வொன்றையும் உடனே எடுத்து எறிந்துவிடுவோம். கடைசி முட்டை தோல்போல மெத்தென்று இருந்தது. ஆண் ஒன்று வாங்கி விட்டால் சரியாகுமா? (கல்முனை வாசகர்)

பதில்: முட்டையை எடுப்பதை இன்றைக்கே நிறுத்துங்கள். ஆண் இல்லாமலும் கொக்கட்டீல் முட்டையிடும், கோழியைப்போலத்தான். ஒருநாள் விட்டு ஒருநாளாக 4 முதல் 6 முட்டை சேர்ந்ததும் இடுவதை நிறுத்தி அடைகிடக்கும். நீங்கள் எடுத்தால் அதற்குக் கணக்கு நிறைவதில்லை; குறைந்ததை நிரப்ப மறுபடி இடும். ஆகவே இனி இடும் முட்டைகளை அதே இடத்தில் விடுங்கள். உடைந்ததை மட்டும் அகற்றி, அதே அளவில் பிளாஸ்டிக் முட்டை ஒன்றை வையுங்கள். கடைசி முட்டையிலிருந்து ஏறத்தாழ 21 நாள் அடைகிடக்கட்டும். அது தானாகவே சலித்து எழும்பிப் போன பிறகு எல்லாவற்றையும் ஒன்றாக எடுத்துவிடலாம்.

உங்கள் கேள்வியில் எங்களைக் கவலைப்படுத்துவது அந்த மெத்தென்ற முட்டைதான். 90 கிராம் பறவை 5 கிராமுக்கு மேலான முட்டையை இடுகிறது. ஓட்டுக்கான கல்சியம் தீனியிலிருந்து போதாவிட்டால் எலும்பிலிருந்து இழுக்கப்படும். அதே கல்சியம்தான் முட்டையை வெளியே தள்ளும் தசை சுருங்கவும் வேண்டும். 13 முட்டைக்குக் கொடுத்துத் தீர்ந்த உடம்பில் ஓடும் மெலியும், தள்ளும் பலமும் குறையும். அடுத்த முட்டை உள்ளே சிக்கிக்கொள்ளக் காரணம் இதுதான்.

கடையில் வாங்கும் கலப்புத் தீனியில் தினையும் சூரியகாந்தி விதையும்தான் பெரும்பகுதி. இரண்டிலும் கல்சியம் மிகக் குறைவு. உங்கள் ஊரில் இதற்கு நல்ல மருந்து மீன் சந்தையிலேயே கிடைக்கிறது: கணவாய் ஓடு. உரசிக் கழுவி, தினமும் தண்ணீர் மாற்றி இரண்டு மூன்று நாள் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, பிறகு நன்றாக வெயிலில் காயவிட்டு, மென்மையான பக்கம் பறவையைப் பார்க்கும்படி கம்பியில் கட்டுங்கள். தொடாவிட்டால் சுரண்டி, ஒரு சிட்டிகைத் தூளை நனைத்த தீனியில் தூவலாம். பத்து நிமிடம் அவித்துக் காயவைத்து இடித்த கோழிமுட்டை ஓடும் அதே வேலையைச் செய்யும். முருங்கையிலையும் ஊறவைத்த குரக்கனும் தினமும் கொடுக்கலாம். பசளியைக் கல்சியத்துக்காகக் கொடுக்க வேண்டாம். அதிலுள்ள ஒட்சலேற்று கல்சியத்தை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். காலையில் 15 முதல் 20 நிமிடம் நேரடி வெயிலும் தேவை, ஒதுங்க நிழலோடு. யன்னல் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் விற்றமின் டி உண்டாகாது. மனிதருக்கான கல்சிய வில்லையை ஊகத்தில் உடைத்துக் கொடுக்காதீர்கள். அதில் சேர்த்திருக்கும் விற்றமின் டி கூடினால் சிறுநீரகம் கெடும்.

தீனி பாதி, வெளிச்சம் மீதி. கொக்கட்டீல் அவுஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பறவை. மழையும் பகல் நீளமும் தீனிப் பெருக்கமும் அதற்கு இனப்பெருக்க அழைப்பு. நம் பகுதியில் ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணித்தியாலம்தான், ஆனால் இரவு 11 மணிவரை விளக்கும் தொலைக்காட்சியும் எரியும் கூடத்தில் கூடு இருந்தால் பறவைக்கு அது 17 மணித்தியாலப் பகல். மாலை 6.30க்குக் கூட்டை இருட்டான, அமைதியான அறைக்கு மாற்றுங்கள். காலைவரை விளக்குப் போட வேண்டாம். கொக்கட்டீல் இருட்டில் திடுக்கிட்டு அடித்துக்கொள்வது வழக்கம். அப்படியானால் மூடும் துணியில் சிறு இடைவெளி விட்டால் போதும்.

அடைகிடந்து எழும்பிய பிறகு முட்டி, பெட்டி, கண்ணாடி, கிழிக்கக் கொடுத்த கடதாசி எல்லாவற்றையும் எடுத்துவிட்டுக் கூட்டின் இடத்தையும் மாற்றுங்கள். முதுகையும் இறக்கையின் கீழும் தடவாதீர்கள். அதைப் பறவை சோடியின் தொடுதலாகவே எடுத்துக்கொள்ளும். தலையும் கழுத்தும் மட்டும்.

முட்டை சிக்கியதை எப்படித் தெரிந்துகொள்வது? உடம்பைப் பொம்மென்று ஊதிக்கொண்டு கூட்டின் அடியில் இருக்கும். காலை அகட்டி முக்கும், மூச்சோடு வால் மேலும் கீழும் ஆடும், எச்சம் நின்றுபோகலாம். முட்டை நரம்பை அழுத்தினால் கால் இழுபடும். உடனே சிறு பெட்டியில் வைத்து 30 பாகை செல்சியஸ் அளவு சூடும் ஈரப்பதமும் கொடுங்கள். மழைக்கால இரவென்றால் பெட்டியின் ஒரு முனைக்கு வெளியே 40 வோற் இழை மின்குமிழ் எரியட்டும் (எல்ஈடி சூடு தராது), அல்லது துவாயில் சுற்றிய வெந்நீர்ப் போத்தலை வையுங்கள். பக்கத்தில் ஈரத் துவாய் ஒன்று. ஏப்ரல், மே பகலில் சூடு தேவையே இல்லை. இறக்கையை விரித்து வாயால் மூச்சு வாங்கினால் சூடு அதிகமா என்று முதலில் பாருங்கள்.

வயிற்றை அமுக்கவே கூடாது. உள்ளே உடைந்தால் ஓட்டின் விளிம்பு கிழித்துவிடும். வாயில் எண்ணெய் ஊற்றுவதும் ஆபத்து, மூச்சுக்குழாய்க்குள் போகும். இரண்டு மணித்தியாலத்துக்குள் முட்டை வராவிட்டால் மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். கால் இழுபட்டாலோ, சூடு குறைந்த பின்னும் வாயால் மூச்சு விட்டாலோ, சிவந்த சதை வெளியே தள்ளினாலோ அதுவரையும் காத்திருக்க வேண்டாம். கல்சிய ஊசி பல வேளைகளில் உயிரைக் காப்பாற்றும். அரச மிருக வைத்திய அலுவலகங்களுக்குப் பெரும்பாலும் வருவது மாடும் ஆடும் கோழியும்தான். அதனால் இப்போதே, பறவை நலமாக இருக்கும்போதே, சிறு பறவைக்கு மருந்து செய்வார்களா, எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்று விசாரித்து வையுங்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடைப் போதனா வைத்தியசாலை கல்முனையிலிருந்து அவசரத்துக்கு ஓடிப்போகும் தூரமல்ல.

ஆண் வேண்டாம். அது முட்டையிடத் தூண்டுமே தவிர நிறுத்தாது. இந்த உடம்போடு குஞ்சும் வளர்க்க வேண்டி வந்தால் தாங்காது. 1 கிராம் காட்டும் சமையலறைத் தராசில் தினமும் காலையில், தீனிக்கு முன் நிறுத்து எழுதி வாருங்கள். எடை பத்தில் ஒரு பங்கு இறங்கினாலோ, இன்னொரு மெத்தென்ற முட்டை வந்தாலோ, பறவை சுறுசுறுப்பாக இருந்தாலும் அன்றைக்கே வைத்தியரிடம் காட்டுங்கள்.