பீஸ் வேலைக்கு நடுவே பத்தாவது

கேள்வி: மும்பை தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறையில் பீஸ் கணக்கில், அதாவது ஒரு பைக்கு இவ்வளவு கூலி என்று, வேலை. வயது 31. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. என்.ஐ.ஓ.எஸ். என்ற தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் பத்தாவது எழுத ஆசை. ராத்திரி பதினொன்றரைக்கு உட்கார்ந்து ஒன்றரை வரை வாசிக்கிறேன். விடிந்தால் ஒன்றும் நினைவில் இல்லை. இன்னும் எதையெல்லாம் விட வேண்டும்?
– வாசகர், தாராவி

பதில்: தூக்கத்தை மட்டும் விடாதீர்கள். படித்தது மனதில் ஊன்றுவதற்குத் தூக்கம் வேண்டும். அதைக் குறைத்துக்கொண்டு படிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுதான்.

விட வேண்டியது கூலியில் கொஞ்சம். தினமும் ஒன்றரை மணி நேரம் முன்னதாக மெஷினை விட்டு எழுந்தால் எத்தனை பை குறையும், மாதத்துக்கு எவ்வளவு துண்டு விழும் என்று தாளில் எழுதி வீட்டில் காட்டுங்கள். அதை மறைத்துத் தொடங்கினால் வாடகை கொடுக்கும் நாளில் சண்டை வரும், படிப்பும் நிற்கும். பரீட்சை நாள்களுக்கு லீவு வேண்டும் என்று முதலாளி சேட்டிடமும் இப்போதே பேசிவிடுங்கள்.

ஐந்து பாடங்களையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. பதிவு 5 ஆண்டுக்குச் செல்லும், அதற்குள் 9 வாய்ப்பு உண்டு. தேறிய பாடம் தேறியதுதான். ஒரு தடவைக்கு இரண்டு பாடம் போதும். ஒரு மொழிப்பாடம் கட்டாயம் என்பதால் தமிழை முதலில் முடியுங்கள். கணக்கைக் கடைசியாக எழுதலாம், ஆனால் பழக இன்றே தொடங்குங்கள், தினம் பதினைந்து நிமிடம். மற்றப் பாடங்களின் புத்தகம் எந்த மொழியில் கிடைக்கிறது என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். டி.எம்.ஏ. என்ற வீட்டு ஒப்படைப்புக்கு நூற்றில் 20 பங்கு. தேதியைத் தவறவிட்டால் தேற வேண்டிய 33-ஐயும் மீதி 80-க்குள்ளேயே எடுக்க வேண்டியிருக்கும்.

இனி, மறதி. நீங்கள் வாசிக்கிறீர்கள், ஆனால் புத்தகத்தை மூடிப் பார்ப்பதில்லை. திரும்பத் திரும்ப வாசித்தால் வரிகள் பழகிப்போய், தெரிந்துவிட்டது போலத் தோன்றும். அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 2006-இல் வெளியிட்ட சோதனை இது: ஒரு பகுதியை இரண்டு முறை வாசித்தவர்கள் ஒரு வாரம் கழித்து 42 சதவீதம் சொன்னார்கள். ஒருமுறை வாசித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் 56 சதவீதம் சொன்னார்கள்.

இப்படிச் செய்யுங்கள். இரண்டு பக்கம், இருபது நிமிடம். புத்தகத்தை மூடி எட்டு நிமிடம் எழுதுங்கள். தாவரம் உணவு தயாரிக்கும் பாடம் என்று வையுங்கள். 'இலை, வெயில், தண்ணீர்' என்று மூன்று சொல்தான் வரும். புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போன 'கார்பன் டை ஆக்சைடு, பச்சையம், ஆக்சிஜன்' மூன்றையும் சிவப்பு மையில் பக்கத்தில் சேருங்கள். மறுநாள் அந்தத் தாளைப் பார்க்காமல் மறுபடி எழுதுங்கள், பிறகு மூன்றாம் நாள், ஏழாம் நாள். சிவப்பு குறைந்துகொண்டே வரும். முதல் இரண்டு வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும். நினைவை இழுத்துப் பிடிக்கும் அந்தக் கஷ்டம்தான் பாடத்தைப் பதிய வைக்கிறது.

கோலியில் (வீட்டு அறையில்) டி.வி. ஓடுகிறது, இடமில்லை என்றால் பக்கத்தில் அப்யாசிகா என்ற பொதுப் படிப்பறை இருக்கிறதா என்று விசாரியுங்கள். போனைப் பட்டறையிலேயே விட்டுவிட்டுப் போக முடிந்தால் இன்னும் நல்லது.

கேள்வி: மகனுக்கு வயது 15. ஐ.ஐ.டி. கோச்சிங். ராத்திரி ஒரு மணிக்குப் படுத்து ஆறுக்கு எழுகிறான். கஷ்டப்பட்டால்தானே படிப்பு வரும்?
– வாசகி, செம்பூர்

பதில்: இந்தக் கஷ்டத்தால் வராது. அந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. பதினொன்றுக்கு மேல் அவன் போடும் கணக்குகளை மட்டும் ஒரு வாரம் தனித் தாளில் போடச் சொல்லுங்கள். அடுத்த ஞாயிறு காலையில் அவனையே திருத்தவும் சொல்லுங்கள். கூட்டல் கழித்தலில், பிளஸ் மைனஸ் குறியில் எத்தனை தப்பு என்று எண்ணிப் பார்த்துவிட்டு, படுக்கும் நேரத்தை இருவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள்.