டிரக்டர் விழுகிற மழை

கேள்வி: அக்காவின் மகன் போன வருஷம் வேலைக்கென்று ஸ்லோவாக்கியா போனவன். ஜிலினா என்ற ஊர். இங்கிலீஷ் நன்றாகத் தெரியும், அதை வைத்துச் சமாளிப்பான் என்றுதான் அனுப்பினோம். இப்போது இங்கிலீஷில் யோசித்து, சொல்லுக்குச் சொல் அகராதி பார்த்து ஸ்லோவாக் பேசுகிறானாம். கூட வேலை செய்கிற பொடியள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்களாம். "ஐ ஆம் கோல்ட்", "ஐ ஆம் வார்ம்" என்பதில் சிரிக்க என்ன இருக்கிறது?
— வாசகி, கோண்டாவில்

பதில்: இருக்கிறது தங்கச்சி. "ஸொம்" என்றால் இருக்கிறேன், "ஸ்துத்யெனீ" என்றால் குளிர்ந்த. இரண்டையும் சேர்த்தால், ஆறிப்போன சோற்றைப் போலத் தொட்டால் சில்லென்று இருக்கிறேன் என்று அவர்களுக்குக் கேட்கும். மற்றது இன்னும் சிக்கல். "ஸொம் த்யெப்லீ" என்று ஓர் ஆண் சொன்னால், நான் ஆண்களை விரும்புகிறவன் என்றுதான் பேச்சுவழக்கில் அர்த்தம். தன்னைப் பற்றி ஒருவர் அப்படிச் சொல்வதில் பிழை ஒன்றுமில்லை, ஆனால் உங்கள் பெறாமகன் சொல்ல வந்தது ஜாக்கெட்டைக் கழற்றவேண்டும் என்பதை மட்டும்தான்.

ஸ்லோவாக்காரர் சொல்வது "யெ மி ஸிம". யெ என்றால் இருக்கிறது, மி என்றால் எனக்கு, ஸிம என்றால் குளிர். எனக்குக் குளிராக இருக்கிறது, அவ்வளவுதான்! நீங்கள் கோண்டாவிலில் இருந்து மார்கழி விடியற்காலையில் சொல்கிற அதே வசனம். பிடித்திருக்கிறது என்பதற்கு "பாச்சி ஸ மி", அதிலும் அந்த "எனக்கு" இருக்கிறது. வருத்தம் தெரிவிக்க "யெ மி லூத்தொ", எனக்கு வருத்தமாக இருக்கிறது. நித்திரை வருது என்பதற்கும் "ஹ்ட்ஸெ ஸ மி ஸ்பத்". இங்கிலீஷ்காரர் எல்லாவற்றையும் "ஐ" என்று தொடங்குவார், நாங்களும் ஸ்லோவாக்காரரும் உடம்புக்கும் மனசுக்கும் வருகிற பல சங்கதிகளை எனக்கு என்றுதான் தொடங்குவோம். எங்கள் இலக்கணத்தில் அது நாலாம் வேற்றுமை, அவர்களுடைய வரிசையில் மூன்றாவது.

நான் ஆறு வருஷம் ஸ்லோவாக்கியாவின் தலைநகரான பிராட்டிஸ்லாவாவில் இருந்தவன், முதல் இரண்டு வருஷமும் உங்கள் பெறாமகன் செய்வதையேதான் செய்தேன். தமிழில் நினைத்து, இங்கிலீஷுக்குப் போய், அங்கிருந்து ஸ்லோவாக்குக்கு வந்து, வழியில் பாதி அர்த்தத்தைத் தொலைத்தேன். அவரை இனி இங்கிலீஷை விட்டுவிட்டுத் தமிழில் யோசிக்கச் சொல்லுங்கள். எல்லா இடத்திலும் பொருந்தாதுதான். எனக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதற்கு அவர்களிடம் இங்கிலீஷ் போலத் தனி வினைச்சொல் உண்டு. தலையிடியைக்கூட "என்னைத் தலை நோகிறது" என்ற அமைப்பில்தான் சொல்வார்கள். ஆனாலும் குளிருக்கும் வெக்கைக்கும் நித்திரைக்கும் தமிழ்தான் கிட்டடி வழி.

கேள்வி: இங்கிலீஷில் பூனையும் நாயுமாய் மழை பெய்கிறது என்பார்களே, அதை ஸ்லோவாக்கில் எப்படிச் சொல்வது? கொஞ்சம் மரபுத்தொடர்கள் தாருங்கள்.
— மாணவன், சாவகச்சேரி

பதில்: தம்பி, அங்கே பூனையும் விழாது, நாயும் விழாது. டிரக்டர் விழும்! "பதயூ த்ரக்தொரி", டிரக்டர்கள் விழுகின்றன. பேச்சில் சொல்கிறது இது. கொஞ்சம் அடக்கமாகச் சொல்வதென்றால், பூக்கன்றுக்குத் தண்ணீர் விடுகிற பூவாளியால் ஊற்றுவது போல ஊற்றுகிறது என்பார்கள். கார்த்திகை மாதத்தில் சாவகச்சேரி வயலுக்குள் நிற்கிறவருக்கு டிரக்டர் மழை என்றால் விளக்கம் தேவைப்படாது.

சோதனைக்குப் போகிற ஒருவருக்கு இங்கிலீஷ்காரர் விரலைக் குறுக்கே பின்னிக் காட்டுவார். ஸ்லோவாக்காரர் பெருவிரலை உள்ளே மடித்து மற்ற விரல்களால் மூடிக்கொண்டு "த்ர்ஜீம் பல்ட்ஸெ" என்பார், பெருவிரல்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று. நாங்கள் நல்லூரானிடம் சொல்லிவிடுகிற வேலையை அவர்கள் பெருவிரலிடம் கொடுத்திருக்கிறார்கள். மேடையேறுகிறவரைக் காலை உடை என்று இங்கிலீஷில் வாழ்த்தினால், ஸ்லோவாக்கில் "ஸ்லொம் வெஸ்", கழுத்தை உடை. இதைத் தமிழில் மொழிபெயர்த்து அம்மம்மாவுக்குச் சொல்லிவிடாதீர்.

ஒன்றும் விளங்கவில்லை என்றால் இங்கிலீஷ்காரருக்கு அது கிரேக்கம், ஸ்லோவாக்காரருக்கு ஸ்பெயின் நாட்டுக் கிராமம். ஒரே கல்லில் எங்களுக்கு இரண்டு மாங்காய், இங்கிலீஷ்காரருக்கு இரண்டு குருவி, அவர்களுக்கு ஒரே அடியில் இரண்டு ஈ. பார்க்காமல் பொருள் வாங்குவதை இங்கிலீஷில் சாக்குக்குள் பன்றி வாங்குவது என்றால், ஸ்லோவாக்கில் அதே சாக்குக்குள் பூனை. நாங்கள் கொல்லன் தெருவில் ஊசி விற்போம், அவர்கள் காட்டுக்கு விறகு கொண்டுபோவார்கள். அத்தி பூத்தாற்போல எப்போதாவது நடப்பது அவர்களுக்கு ஹங்கேரி வருஷத்துக்கு ஒருமுறை நடப்பது. ஸ்லோவாக்கியா 1918 வரை ஹங்கேரி அரசுக்குள் இருந்தது என்பதையும் சேர்த்து வைத்துக்கொண்டால் இந்தத் தொடர் மறக்காது.

ஒன்றில் மட்டும் கவனம். ஒருவரைப் பற்றிக் கதைக்கும்போதே அவர் வந்து நின்றால் உங்களுக்கு நூறு வயசு என்று நாங்கள் வாழ்த்துகிறோம். இங்கிலீஷ்காரர் அந்த இடத்தில் பிசாசைக் கூப்பிடுவார், ஸ்லோவாக்காரர் "ஓநாயைப் பற்றிப் பேசினோம், ஓநாய் களஞ்சியத்துக்குப் பின்னால்" என்பார். சிநேகிதருக்குள் சரி, மேலதிகாரி கதவைத் திறக்கும்போது வேண்டாம்.

கேள்வி: எங்கள் மகன் பிராட்டிஸ்லாவாவில் ஒரு ஸ்லோவாக் பிள்ளையைக் கல்யாணம் செய்யப் போகிறான். பிள்ளையின் தாய் தகப்பனுக்கு நாங்கள் ஒரு கடிதம் எழுதவேண்டும். "அங்கிள், ஆன்ட்டி" என்று இங்கிலீஷில் எழுதி மாற்றலாமா? "யூ" என்பதற்கு எந்தச் சொல் போடுவது?
— ஒரு தகப்பன், வட்டுக்கோட்டை

பதில்: முதலில் வாழ்த்துகள் ஐயா. உங்கள் கேள்வியை வாசித்ததும் எனக்குச் சந்தோஷமாகப் போய்விட்டது, ஏனென்றால் நீங்கள் தேடுகிற சொல் அவர்களிடம் அச்சொட்டாக இருக்கிறது. சம்பந்தி! ஆணென்றால் "ஸ்வத்", பெண்ணென்றால் "ஸ்வத்க". இங்கிலீஷில் இதற்கு ஒரு சொல் கிடையாது, "என் மகனுடைய மனைவியின் தகப்பன்" என்று சுற்றி வளைத்துத்தான் சொல்லவேண்டும். உங்களை அவர்கள் கூப்பிடப் போவதும் அதே சொல்லால்தான். அப்படியிருக்க அங்கிள், ஆன்ட்டி எதற்கு?

அதோடு அங்கிள் என்ற சொல்லே அங்கே இரண்டாகப் பிரியும். தகப்பனின் சகோதரன் "ஸ்த்ரீகொ", தாயின் சகோதரன் "உயொ". எங்களுக்குச் சித்தப்பா வேறு, மாமா வேறு என்பது போல. இப்போதைய பேச்சில் இந்தப் பிரிவு கரைந்து வருகிறது, சின்னப் பிள்ளைகள் வளர்ந்த ஆண்கள் எல்லாரையும் உயொ என்றும் பெண்களை "த்யெத" என்றும்தான் கூப்பிடுவார்கள். அதனால் நீங்கள் உயொ என்று எழுதினால் அறுபது வயசில் சின்னப் பிள்ளை போலக் கேட்கும்.

அடுத்தது "யூ". இங்கிலீஷில் எல்லாருக்கும் ஒன்று. ஸ்லோவாக்கில் "தி" என்றால் நீ, "வி" என்றால் நீங்கள். எங்களைப் போலவே பன்மையைத்தான் மரியாதைக்கும் எடுக்கிறார்கள், வினைச்சொல்லும் பன்மையில்தான் முடியும். யாழ்ப்பாணத்தில் நடுவில் "நீர்" என்று ஒன்று வைத்திருக்கிறோமே, அது அங்கே இல்லை. அதனால் சிநேகிதமும் மரியாதையும் சரிபாதியாகக் கலந்து பேச வழியில்லை, ஏதாவது ஒரு பக்கம் நிற்கவேண்டும். நீங்கள் "வி" பக்கம் நில்லுங்கள். கடிதத்தில் அந்தச் சொல்லின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாகப் போடுவது மரியாதை. பிறகு நேரே சந்தித்து, சாப்பிட்டு, நெருங்கிய பின் "இனி தி என்றே பேசுவோம்" என்று வயதில் மூத்தவர் கேட்பார், அதுதான் அங்கே முறை. நீங்கள் மூத்தவரானால் நீங்களே கேட்கலாம். கேட்டுப் பாருங்கள், முகம் மலர்வதைக் காண்பீர்கள்.

கேள்வி: "ஐ கேம்" என்று போனில் போட்டால் "ப்ரிஷியெல் ஸொம்" என்று வருகிறது. அதையே சொன்னேன், திருத்தினார்கள். ஏன்?
— வாசகி, திருநெல்வேலி

பதில்: அது ஆண் சொல்கிற வந்தேன். நீர் சொல்லவேண்டியது "ப்ரிஷ்ல ஸொம்". தமிழில் வந்தான், வந்தாள் என்று படர்க்கையில் மட்டும் ஆண் பெண் பிரிப்போம், அவர்கள் இறந்தகாலத்தில் தன்மைக்கும் முன்னிலைக்கும்கூடப் பிரிக்கிறார்கள். "ஐ கேம்" என்பதில் ஆணா பெண்ணா என்று இல்லாததால் போன் தன்பாட்டில் ஆணாக்கிவிட்டது.

கேள்வி: செக் மொழியும் ஸ்லோவாக்கும் ஒன்றுதானே? செக் புத்தகம் ஒன்று கையில் இருக்கிறது, அதை வைத்துப் படிக்கலாமா?
— வாசகர், பருத்தித்துறை

பதில்: ஒன்றில்லை. ஒருவர் பேசுவது மற்றவருக்கு விளங்கும், அவ்வளவு நெருக்கம். ஆனால் ஸ்லோவாக்குக்குத் தனி எழுத்துவழக்கு வேண்டும் என்று 1787இல் பெர்னொலாக் என்ற பாதிரியார் முயன்றார், 1843இல் லுதொவீத் ஷ்தூர் என்ற மொழியறிஞர் நடு ஸ்லோவாக்கியப் பேச்சை வைத்து ஒன்றை அமைத்தார், இன்றைய மொழி அதிலிருந்து வளர்ந்தது. அதற்காக அவர்கள் பட்ட பாட்டை மதித்து ஸ்லோவாக் புத்தகமே வாங்குங்கள்.

கேள்வி: ஸ்லோவாக்கில் இங்கிலீஷ் போலவே கேட்கிற சொற்களை அப்படியே பாவிக்கலாமா?
— வாசகர், மானிப்பாய்

பதில்: பாவிக்கவே வேண்டாம். "ஹொஸ்த்" என்றால் விருந்து கொடுப்பவர் இல்லை, விருந்துக்கு வந்தவர். "பொத்" பானை இல்லை, வியர்வை. "மொஸ்த்" பாலம். "ஸத்" என்றால் பழத்தோட்டம், துக்கம் இல்லை. எல்லாவற்றிலும் ஆளை மாட்டிவிடுவது "நொ". பேச்சில் அது எங்கள் "ஓம், ஓம்" போன்றது. வேண்டாம் என்று நினைத்து "நொ, நொ" என்று தலையாட்டினால் கோப்பையில் இன்னொரு அகப்பை சூப் விழும். வேண்டாம் என்றால் "நியெ" என்று சொல்லுங்கள்.